நீட்டிய கை உளி பிடித்தது!

செங்கற்பட்டில் ஒரு கைகுலுக்கல் செய்த புதுமை

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவது உளியின் ஓசை. டக்... டக்... டக்...

தெருவோரப் பட்டறைகளில் சிற்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கையில் உளி. மறு கையில் சுத்தியல். கருங்கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையார் ஆகிறது. புத்தர் ஆகிறது. யானை ஆகிறது.

சிலையைப் பார்த்தது போதும். அந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள். கட்டை விரல் ஒரு பக்கம். மற்ற விரல்கள் மறு பக்கம். இரண்டும் சேர்ந்து உளியைப் பிடிக்கின்றன. அந்தப் பிடியில்தான் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது. பிடி தளர்ந்தால் வீட்டில் உலை கொதிக்காது.

சிற்பிக்கு மட்டும்தானா இது? வலை இழுக்கும் மீனவர், நாற்று நடும் பெண், துணி தைக்கும் தையற்காரர், பேனா பிடிக்கும் குமாஸ்தா, எல்லோருக்கும் கைதானே மூலதனம்?

அந்தக் கையின் விரல்கள் மடங்கிப்போய், நிமிராமலே நின்றுவிட்டால்? அந்த மனிதர் யாரிடம் போய் வேலை கேட்பார்? யார் கொடுப்பார்கள்?

மாமல்லபுரத்துக்கு மேற்கே சுமார் 30 கிலோ மீட்டரில் இருக்கிறது செங்கற்பட்டு. அதை அடுத்த திருமணி என்ற ஊரில், 1947-ம் ஆண்டு, இந்தக் கேள்வி ஒரு டாக்டரின் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அதற்கு அவர் தேடிய விடை, உலகெங்கும் பல்லாயிரம் பேருக்கு வேலை செய்யும் கைகளைத் திருப்பித் தந்தது.

சட்டமே கதவை மூடியது

திருமணியில் 1924-ல் தொழுநோயாளிகளுக்காக ஒரு விடுதி ஏற்பட்டது. லேடி வில்லிங்டன் பெயர் கொண்ட விடுதி. ஸ்காட்லாந்து திருச்சபையின் ஊழியர்கள் அதை நடத்தி வந்தார்கள்.

அந்தக் காலத்தில் தொழுநோய்க்குப் "பெருவியாதி" என்று பெயர். பெயரைச் சொல்லவே ஜனங்கள் பயந்தார்கள். நோய் கண்டவரை வீட்டார் திண்ணையில் வைத்தார்கள். பிறகு தோப்பில் வைத்தார்கள். பிறகு ஊரை விட்டே அனுப்பினார்கள்.

சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1898-ம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்களை அவர்கள் செய்யக்கூடாது என்று சர்க்கார் தடை போடலாம். தின்பண்டம் செய்து விற்கக்கூடாது. வாடகை வண்டி ஓட்டக்கூடாது என்றும் தடுக்கலாம். சரி, பிச்சை எடுத்தாவது பிழைக்கலாம் என்றால், பிச்சை எடுப்பவரைப் பிடித்து அடைக்கவும் அதே சட்டத்தில் இடம் இருந்தது.

வேலையும் கூடாது, பிச்சையும் கூடாது! மனிதன் எப்படித்தான் பிழைப்பான்?

1940-களில் டாப்சோன் என்ற மருந்து வந்தது. நோயைத் தடுத்து நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால், ஏற்கனவே மடங்கிப்போன விரல்களை மருந்து நிமிர்த்தவில்லை. நோய் தீர்ந்த பிறகும் அந்தக் கையைப் பார்த்தே ஊரார் விலகினார்கள். "குணமாகிவிட்டது" என்று டாக்டர் சொன்னார். ஊர் நம்பவில்லை.

கை குலுக்கினார், வலித்தது!

டாக்டர் ராபர்ட் காக்ரேன், செங்கற்பட்டில் தொழுநோய்ப் பணியில் பல ஆண்டு ஊறியவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்திலிருந்து பால் பிராண்டு என்ற இளம் சர்ஜனை 1946-ல் வேலூருக்கு வரவழைத்தவரும் அவரே. மறு ஆண்டு, தம் விடுதியைப் பார்க்க அவரைத் திருமணிக்கு அழைத்தார்.

இருவரும் விடுதியைச் சுற்றி வந்தார்கள். காக்ரேன் தோல் வைத்தியத்தில் வல்லவர். நோயாளிகளின் தோலைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார். பிராண்டோ எலும்பு, தசை வைத்தியர். அவருடைய கண் கைகளின் மேலேயே இருந்தது. எங்கே பார்த்தாலும் பருந்தின் நகம்போல் மடங்கிய விரல்கள்!

ஓர் இளைஞர் உட்கார்ந்து தம் செருப்பைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். பிராண்டு அவரிடம் போனார். தம் கையை அந்த மடங்கிய கைக்குள் வைத்தார். முடிந்தமட்டும் அழுத்தச் சொன்னார்.

இந்தக் கையில் என்ன பலம் இருக்கப் போகிறது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால், இளைஞர் அழுத்தியதும் டாக்டருக்கு உயிர் போகிற வலி! போதும் என்று கத்தியே விட்டார்.

வலித்தது கை, விழித்தது அறிவு. இந்தக் கை செத்துப்போன கை அல்ல! இதற்குள் பலமான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன! அப்படியானால் இதைச் சரிசெய்ய முடியாதா?

எலும்பு வைத்தியர்களில் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்று காக்ரேனைக் கேட்டார். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது. உலகில் கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்த காலம் அது. அவர்களுடைய கையைப் பற்றிக் கவலைப்பட எந்த எலும்பு வைத்தியரும் முன்வந்திருக்கவில்லை.

கொல்லிமலைப் பிள்ளை

இந்தப் பால் பிராண்டு யார்? பெயர்தான் ஆங்கிலப் பெயர். பிறந்தது 1914-ல். வளர்ந்தது நம் கொல்லிமலையில்.

தந்தை ஜெஸ்ஸி பிராண்டு கிறிஸ்தவ ஊழியர். ஆனால், மலைவாசிகளுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. வீடு கட்டவும், மரவேலை செய்யவும், நல்ல பயிர் வைக்கவும் கற்றுக்கொடுத்தார். காய்ச்சல் கண்டவர்களுக்கு மருந்தும் கொடுத்தார். ஒரு நாள் தொழுநோயாளிகள் மூவர் மலை ஏறி வந்தபோது, குழந்தைகளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அவர்களுடைய கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். சிறுவன் பால் அதை எட்ட நின்று பார்த்தான். 1929-ல் மலைக் காய்ச்சலின் கொடுமைக்கு அந்தத் தந்தையே பலியானார். பிள்ளை அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பால் பிராண்டு டாக்டர் படிப்புக்குப் போகவில்லை. கட்டட வேலை கற்றார். தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். அதன் பிறகே மருத்துவம் படித்தார். "தச்சு கற்ற டாக்டரா? வீண் வேலை!" என்று அப்போது யாராவது சிரித்திருக்கலாம். அந்தத் தச்சு வேலைதான் பின்னால் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

நல்ல தசைக்குப் புது வேலை

நம் முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை "சுரீர்" என்று மின்சாரம் பாய்கிறதல்லவா? அங்கே ஒரு நரம்பு தோலுக்கு அருகில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமி அந்த நரம்பைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. விரல் மடங்கிவிடுகிறது. ஆனால், முன்கையில் உள்ள பெரிய தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன. செங்கற்பட்டு இளைஞரின் பிடி டாக்டரை அலற வைத்த ரகசியம் இதுதான்.

தசையை எலும்போடு கட்டும் கயிறு ஒன்று உண்டு. அதற்குத் தசைநாண் என்று பெயர். நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து, வேலை செய்யாத விரலுக்குக் கொண்டுபோய் இணைத்தால் என்ன? வயலுக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால், பக்கத்து வாய்க்காலைத் திருப்பிவிடுகிறோமே, அதுபோல!

1948-ல் வேலூரில் முதல் ஆபரேஷன்கள் நடந்தன. ஆஸ்பத்திரிக்குள் தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்களே என்ற பயம் வேறு. அதையும் சமாளித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாரக் கணக்கில் பயிற்சி. மடங்கிய விரல் மெல்ல நிமிர்ந்தது. பல ஆண்டுகளாகச் சோற்றைப் பிசைய முடியாதிருந்தவர் தம் கையால் உருட்டிச் சாப்பிட்டார்.

பிச்சைக்கும் உதவாத கை!

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே போன நோயாளி சில காலம் கழித்துத் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். யாரும் வேலை தரவில்லை. தங்க இடமும் தரவில்லை. கெட்ட நோய்க்காரன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. பிச்சை எடுக்கலாம் என்றால், அதிலும் நஷ்டம்! முன்பு கோணிய கையைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள், நேரான கையைப் பார்த்துக் காசு போட மறுத்தார்கள்.

டாக்டருக்கு இது பெரிய அடி. கையை நேராக்கினோம். பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே!

அன்று அவர் ஒரு பாடம் கற்றார். கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அந்தக் கைக்கு ஒரு தொழில் வேண்டும்.

நவஜீவ நிலையம்

1951-ல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் நிலத்தில் ஒரு சிறு கிராமம் எழுந்தது. பெயர் நவஜீவ நிலையம். மாட மாளிகை இல்லை. மண் சுவர், வெள்ளையடித்த குடிசைகள். நோயாளி தம் ஊருக்குத் திரும்பினாலும் இப்படித்தான் வாழப் போகிறார். ஆகவே, இங்கேயும் அப்படியே வாழ்ந்து பழகட்டும் என்று எண்ணினார்கள்.

அங்கே ஒரு தச்சுப் பட்டறை. ஆசிரியர் யார்? டாக்டரேதான்! லண்டனில் கற்ற தச்சு வேலை இப்போது கைகொடுத்தது. ரம்பம் பிடிக்க, இழைப்புளி தள்ள, உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மரப் பொம்மைகள் தயாராயின. பிச்சை கேட்டு நீண்ட கை, விலை பெறும் பொருளைச் செய்தது.

விரல் எங்கே போயிற்று?

பட்டறையில் ஒரு பெரிய உண்மையும் வெளிப்பட்டது.

ஒரு நாள் பூட்டு ஒன்று துருப்பிடித்துத் திறக்கவில்லை. டாக்டர் எவ்வளவோ முயன்றார். ஒரு சிறுவன் வந்தான். சாவியை ஒரே திருகாகத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது! எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனுக்கோ அது தெரியவே இல்லை.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் உலகம் நம்பியிருந்தது. அது தவறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். ஆணி குத்தினாலும் நடக்கிறார். தூங்கும்போது எலி கடித்தால்கூட விழிப்பதில்லை. புண் சீழ் பிடித்து, எலும்பு கரைந்து, விரல் தேய்கிறது.

இதைக் கண்டுபிடித்ததும் பட்டறையில் கட்டுப்பாடுகள் வந்தன. கருவிகளின் பிடியைப் பெரிதாக்கு, துணி சுற்று. மாலையில் வேலை முடிந்ததும் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார். சிறு காயமானாலும் உடனே சொல். காலுக்கு மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு. வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு பூனை! ஆம், எலியைப் பிடிக்கத்தான். சிரிப்பு வருகிறதா? விரல்களைக் காப்பாற்றிய பூனை அது!

ஒரு மாலைக் கூட்டம்

தொழில் கற்றார்கள். ஆனாலும் மனத்தில் கூச்சம் போகவில்லை. யாராவது வந்தால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் நோயாளிகள் கூடியிருந்த இடத்தில் பிராண்டைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார். சுற்றிலும் மறைத்து வைத்த கைகள். அவர் தம் வேதத்திலிருந்து ஏசுவின் கைகளைப் பற்றியே பேசினார். குழந்தையின் சிறு கை. தச்சுப் பட்டறையில் காய்த்துப்போன, நகம் உடைந்த கை. தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கியவரைத் தொட்ட கை. கடைசியில் ஆணி அறையப்பட்டு, நரம்பு அறுந்து, மடங்கிப்போன கை.

மடங்கிய கை! கேட்டவர்கள் நிமிர்ந்தார்கள். கடவுளின் கையும் தங்கள் கையைப் போல ஆயிற்றா?

கூட்டம் முடிந்தது. எல்லோரும் எழுந்து கை கூப்பினார்கள். விரல் இல்லாத கை, பாதி விரல் கை, ஆபரேஷன் ஆன கை. ஒருவரும் மறைக்கவில்லை.

வேலை தேடும் எவருக்கும் இந்தத் தைரியம் முதலில் வேண்டும். ஆனால், தைரியம் சொல்வதோடு பிராண்டு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. கையில் உளியையும் கொடுத்துவிட்டுத்தான் அவர் மேடை ஏறினார்.

வேலையை விடாமல் வைத்தியம்

இதே செங்கற்பட்டுச் சீமையில் இன்னொரு புதுமையும் நடந்தது. மதுராந்தகம் பக்கத்தில் உள்ள பொலம்பாக்கத்துக்கு 1955-ல் பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஹெமரிக்ஸ் வந்தார்.

நோயாளி வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு ஏன் விடுதிக்கு வரவேண்டும்? மருந்து அவர் ஊருக்குப் போகட்டுமே! இதுதான் அவருடைய யோசனை. குறித்த நாளில் வண்டி கிளம்பும். சாலையோரம் ஒரு மரம். அதன் நிழலில் வைத்தியம். வயலில் வேலை செய்பவர் வந்து மருந்து வாங்கிக்கொண்டு மறுபடி வயலுக்குப் போகலாம். கூலி போகாது, குடும்பம் பிரியாது. இந்த மரத்தடி ஆஸ்பத்திரி உலகப் புகழ் பெற்றது. அங்கே பணி செய்ய வந்த டாக்டர் கிளேர் வெல்லு அம்மையார் பின்னர் இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்டார்.

ஒரு மதத்தின் சொத்தா?

வேலை கொடுப்பதே பெரிய வைத்தியம் என்ற எண்ணம் எந்த ஒரு மதத்துக்கும் தனிச் சொத்து அல்ல. தமிழ் நாட்டில் டி. என். ஜகதீசன் தாமே இந்த நோய்க்கு ஆளானவர். மகாத்மாவின் வழியில் நின்று, தம்மைப் போன்றவர்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். மகாராஷ்டிரத்தில் பாபா ஆம்தே, கரம்பு நிலத்தில் ஆனந்தவனத்தை உண்டாக்கினார். நோயாளிகளே கிணறு வெட்டினார்கள், பயிர் செய்தார்கள், துணி நெய்தார்கள்.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டர் 1954-ல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே அசைவு நின்றுவிட்டது. அவர் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! அவர் முயற்சியில் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்றும் திறக்கப்பட்டது.

அதே 1966-ல் பிராண்டு அமெரிக்கா சென்றார். வலி தெரியாத கால்களைக் காக்க அவர் இங்கே கற்ற பாடம், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கவும் உதவியது. 2003-ல் அவர் காலமானார்.

இன்றைய நிலை

திருமணி விடுதியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்றது. மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இன்று அங்கே இருக்கிறது. 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழியும் 2019-ல் அடைக்கப்பட்டது.

சட்டம் மாறியது. மனம் மாற வேண்டாமா? குடும்பத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணம். சீக்கிரம் காட்டினால் விரல் மடங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மருந்து சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து சீக்கிரமே தொற்றும் அபாயம் நீங்கிவிடுகிறது. கூட வேலை செய்ய, ஒரே பெஞ்சில் உட்கார, பயம் வேண்டாம்.

விரல் மடங்கிவிட்டதா? ஆபரேஷனும் பயிற்சியும் உண்டு. சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நோய் தீர்ந்தும் உடற்குறை தங்கியவர்கள், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் பெறுகிறார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கார் வேலை இடஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை பெறுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்து வையுங்கள்.

கடை, பட்டறை நடத்துகிறவர்களே! உணர்ச்சி குன்றிய கையோடு ஒருவர் வேலை கேட்டு வந்தால் விரட்டாதீர்கள். கருவியின் பிடிக்குத் துணி சுற்றிக் கொடுங்கள். சூடான, கூரான வேலையைத் தவிர்த்து வேறு வேலை கொடுங்கள். மாலையில் ஒரு முறை கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

மாமல்லபுரத்தில் உளி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. மேற்கே, திருமணியில், 1947-ல் ஒரு டாக்டர் எல்லோரும் தொடப் பயந்த கையைப் பிடித்தார். பிடித்ததனால்தான் அதன் பலம் அவருக்குத் தெரிந்தது.

வேலை கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரின் கையையும் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். அதன் பலம் உங்களுக்கும் தெரியும்!